தத்துவ நூல் வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: அந்த வரியைச் சொன்னது யார்?

‘மதம் மக்களுக்கு அபின்’ என்ற வரியை மேடையில் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. ஒரு தரப்பு அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கும், இன்னொரு தரப்பு அதையே சொல்லி மார்க்ஸைத் திட்டும். அதற்கு முந்தைய வாக்கியத்தை இரண்டு பேருமே பெரும்பாலும் படித்திருக்க மாட்டார்கள். ஹெகலின் உரிமைத் தத்துவத்தை விமர்சிக்க மார்க்ஸ் எழுதி, 1844இல் வெளியான முன்னுரையில் அந்த வரி வருகிறது. மதம் ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு, இதயமற்ற உலகத்தின் இதயம் என்று சொல்லிவிட்டுத்தான் அபினுக்கு வருகிறார். அன்றைய ஐரோப்பாவில் அபின் மருந்துக்கடையில் விற்ற வலி மருந்தும்கூட. அதற்காக அவர் மதத்தை விட்டுவைத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். மதம் தருவது மாயையான மகிழ்ச்சி என்று அடுத்த பத்தியிலேயே சொல்கிறார். ஆனால் அவருடைய கேள்வி வலியைப் பற்றியது: மருந்து தேவைப்படும் அளவுக்கு இந்த உலகம் ஏன் வலிக்கிறது? ஒற்றை வரியோடு நின்றுவிட்டால் அந்தக் கேள்வி காதில் விழாது.

மேற்கோளைப் பிய்த்தெடுப்பது எல்லோருக்கும் தெரிந்த தவறு. அதைவிட நுட்பமான தவறு, வரியைப் பேசுவது யார் என்று பார்க்காமல் விடுவது. பிளேட்டோவின் ‘குடியரசு’தான் இதில் அதிகம் அடிபடும் நூல். சாக்ரட்டீஸும் மற்றவர்களும் பேசிக்கொள்ளும் உரையாடலாக எழுதப்பட்டது அது. ‘நீதி என்பது வலியவனுக்கு ஆதாயமானது’ என்று அதில் ஒரு வரி உண்டு. அதைச் சொல்வது திரசிமாக்கஸ் என்ற ஆள். நூல் முழுக்க அவருக்குப் பதில் சொல்லத்தான் ஓடுகிறது. இரண்டாம் பாகத்தில் ஒரு மோதிரக் கதை. போட்டுக்கொண்டு திருப்பினால் ஆள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் மோதிரம், ஓர் ஆடு மேய்ப்பவன் கையில் கிடைக்கிறது. அவன் அரசியோடு சேர்ந்து அரசனைக் கொன்று நாட்டையே பிடித்துக்கொள்கிறான். மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று தெரிந்தால் எவனும் யோக்கியனாக இருக்கமாட்டான் என்பது கதை சொல்லும் செய்தி. ‘பிளேட்டோ சொன்னார்’ என்று பகிரப்படும் இந்தக் கருத்தைப் பேசுபவர் கிளாக்கன். அவரும் அதைத் தன் கருத்தாகச் சொல்லவில்லை. ஊரார் வாதத்தை முழு வலுவோடு எடுத்து வைக்கிறேன், முடிந்தால் உடைத்துக் காட்டுங்கள் என்று சாக்ரட்டீஸிடம் சவால் விடுகிறார்.

அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரைப் படித்தவர்களுக்கு இந்த உத்தி புதிதாக இருக்காது. பிற மதத்தார் வாதங்களை எடுத்து வைத்து மறுக்கும் பரபக்கம் என்ற பகுதியில், கடவுளை ஏற்காத உலகாயதன் கட்சியை விரித்துரைக்கும் பாட்டை உருவியெடுத்து, ‘அருணந்தி சிவாச்சாரியாரே கடவுள் இல்லை என்றார்’ என்று யாராவது சொன்னால் சிரிப்போம். பிளேட்டோ விஷயத்தில் மட்டும் அதைத் தயங்காமல் செய்கிறோம்.

ஆசிரியர் தன் சொந்தக் குரலில் பேசினாலும் கவனம் வேண்டும். டெகார்ட்டின் ‘தியானங்கள்’ (1641) ஆறு நாள் சிந்தனையாக எழுதப்பட்ட நூல். முதல் நாள் அவர் எல்லாவற்றையும் சந்தேகிக்கிறார். நெருப்பருகே உட்கார்ந்திருப்பது கனவாக இருக்கலாம், ஒரு வஞ்சகப் பூதம் தன்னை ஏமாற்றிக்கொண்டிருக்கலாம். பலர் இந்த முதல் நாளோடு புத்தகத்தை மூடிவிட்டு, ‘எதுவும் நிச்சயமில்லை என்பது டெகார்ட்டின் தத்துவம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆறாம் நாள் கடைசியில் அவரே அந்தச் சந்தேகங்களைச் சிரிப்புக்குரிய மிகைகள் என்று ஒதுக்குகிறார். இடையில் கடவுளை நிறுவும் அவருடைய வாதம் உங்களுக்கு ஏற்காமல் போகலாம், எனக்கும் ஏற்கவில்லை. ஆனால் சண்டை போட வேண்டிய இடம் அதுதான், முதல் நாள் அல்ல. இன்னொரு வேடிக்கை: ‘சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்ற பிரபல வாக்கியம் அந்த வடிவத்தில் இந்த நூலில் கிடையாது. 1637இல் வந்த ‘முறை பற்றிய உரை’யில் இருக்கிறது. ‘தியானங்கள்’ சொல்வது, ‘நான் இருக்கிறேன்’ என்று நினைக்கும்போதெல்லாம் அது உண்மையாகவே இருந்தாக வேண்டும் என்பது.

நீட்சேயின் ‘கடவுள் இறந்துவிட்டார்’ பற்றி நீட்டத் தேவையில்லை. 1882இல் வந்த நூலில், பட்டப்பகலில் விளக்கேந்திச் சந்தைக்கு வரும் பைத்தியக்காரன் ஒருவன் அதைக் கத்துகிறான். சுற்றி நின்று சிரிப்பவர்கள் ஏற்கெனவே நம்பிக்கை இல்லாதவர்கள். அவன் திகிலோடு பேசுவது அவர்களிடம்தான். வெற்றி முழக்கமாக அதைச் சட்டையில் அச்சடித்துப் போடுபவர்கள் அந்தச் சந்தைக் கூட்டத்தில் நிற்கிறார்கள். ‘அதிகாரத்துக்கான வேட்கை’ என்ற பெயரில் கிடைக்கும் புத்தகமோ அவர் முடித்து வெளியிட்டதே அல்ல. அவர் 1900இல் இறந்த பிறகு, குறிப்பேடுகளிலிருந்து அவருடைய தங்கையும் நண்பர்களும் தொகுத்தது.

மொழிபெயர்ப்பில் வழுக்கும் இடம் வேறு. அரிஸ்டாட்டிலின் அறவியல் நூல் மனித வாழ்வின் இலக்கு ‘மகிழ்ச்சி’ என்கிறது என்று படித்ததும் நமக்குச் சிரித்த முகம் நினைவுக்கு வரும். அவர் சொன்ன கிரேக்கச் சொல் ‘யுடைமோனியா’. ஒரு வாழ்க்கை முழுமையாகச் செழித்து நிற்பதைக் குறிப்பது அது. அதனால்தான் ஒற்றைத் தகைவிலான் குருவி வந்ததால் வசந்தம் வந்துவிடாது, ஒரு நாளும் ஒருவனை அப்படி ஆக்கிவிடாது என்கிறார். என்னைக் கேட்டால் நம் ‘வாழ்வாங்கு வாழ்தல்’ அதற்கு ஓரளவு கிட்டே வரும். முக்கியமான சொல் தமிழில் எளிதாகப் புரிந்துவிட்டால் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது.

எதில் தொடங்குவது என்பதில் நானே பட்டிருக்கிறேன். கல்லூரி முடித்த கையோடு கான்ட்டின் ‘தூய அறிவு விமர்சன’த்தை வாங்கி முப்பது பக்கத்தில் மூச்சு வாங்கிவிட்டது. 1781இல் வந்த முதல் பதிப்பே எண்ணூறு பக்கத்துக்கு மேல். அது சரியாகப் புரிந்துகொள்ளப்படவில்லை என்று கான்ட்டே இரண்டு வருடம் கழித்து ‘முன்னுரைகள்’ என்ற சிறு நூலை எழுதினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஹியூமும் அப்படியே. இருபதுகளில் எழுதிய பெரிய நூலை யாரும் சீண்டவில்லை, அச்சகத்திலிருந்தே செத்துப் பிறந்தது என்று நொந்துகொண்டு அதன் முக்கியப் பகுதிகளை 1748இல் சுருக்கித் திருத்தி வெளியிட்டார். ஆசிரியரே ஏணி போட்டிருக்கும்போது சுவரைப் பிறாண்டுவானேன்?

எதிலும் இறங்காதவர்கள் ‘குடியரசு’ முதல் பாகத்தை மட்டும் இரண்டு மாலைகளில் வாசித்துப் பாருங்கள். பைரேயஸ் துறைமுகத்துத் திருவிழா பார்த்துவிட்டுத் திரும்பும் சாக்ரட்டீஸை வழிமறித்து வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். பேச்சு முற்றுகிறது, திரசிமாக்கஸ் பாய்கிறார். சாக்ரட்டீஸ் அவரை மடக்கிவிடுகிறார் என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டாம் பாகம் தொடங்கியதும் கிளாக்கன் கேட்கிறார், எங்களை உண்மையாகவே சம்மதிக்க வைக்க ஆசையா, சம்மதிக்க வைத்ததுபோல் தெரிந்தால் போதுமா என்று. தன் குருநாதர் ஜெயித்த வாதம் போதாது என்று பிளேட்டோவே எழுதி வைத்திருக்கிறார். மடக்கப்பட்ட திரசிமாக்கஸுக்கு வியர்த்துக் கொட்டி முகம் சிவந்ததாம். அவர் முகம் சிவந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை என்கிறார் சாக்ரட்டீஸ். கோடைக்காலம் வேறு என்று கூடவே சொல்லி வைக்கிறார்.