அம்பாசடர் மார்க் 4: கூலிங் சிஸ்டத்தை முழுசாகக் கழுவுவது எப்படி

போன வருஷம் ஏப்ரலில் சேலத்திலிருந்து ஏற்காடு கிளம்பினோம். 20 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, பானெட் இடுக்கிலிருந்து ஆவி. பின்சீட்டில் இருந்த மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது. இத்தனைக்கும் அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ரேடியேட்டர் தண்ணீரை நானே இறக்கி, புதுக் கூலன்ட் ஊற்றியிருந்தேன்.

எங்கே தப்பு செய்தேன் என்று கண்டுபிடிக்க இரண்டு மாசம் ஆனது. உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

என் வண்டி 1984 மாடல், 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். இங்கிலாந்தின் பிஎம்சி 'பி' சீரிஸ் வழிவந்த அதே பழைய இரும்பு எஞ்சின். 90களில் வந்த 1800 ஐசுசு எஞ்சின் வண்டிக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அமைப்பு வேறு.

என்னென்ன வேண்டும்

ஏ.எஃப். ஸ்பேனர் செட் கட்டாயம். இந்த எஞ்சின் நட்டுகள் இஞ்ச் கணக்கு. தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு) மூடியின் மூன்று நட்டுக்கும் 1/2 இஞ்ச் வேண்டும். "13 மி.மீ. போட்டாலே பிடிக்கும்" என்பார்கள். பிடிக்கும்தான், நட்டு இறுகியிருந்தால் முனை மழுங்கி வழுக்கவும் செய்யும். ஒரு நட்டை அப்படி மொட்டையாக்கிய பிறகுதான் சென்னை ஜி.பி. ரோட்டில் ஏ.எஃப். செட் வாங்கினேன்.

அப்புறம் தோட்டத்து ஓஸ், இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, துரு இளக்கும் ஸ்பிரே, தெர்மோஸ்டாட் பேக்கிங், ஐந்து லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர் கேன் இரண்டு, பச்சைக் கூலன்ட். கூடவே ஒரு பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. இந்தப் பட்டியலில் முக்கியமான சாமான் அதுதான்.

கூலன்ட் பற்றி என் பிடிவாதம்: பழைய எத்திலீன் கிளைக்கால் பச்சை ரகம்தான். இப்போதைய கார்களுக்கு வரும் நீண்டகால ஆரஞ்சு, சிவப்பு ரகங்கள் அலுமினிய ரேடியேட்டரை மனதில் வைத்துச் செய்தவை. நம்முடையது ஈயப் பற்றவைப்புள்ள பித்தளை, செம்பு ரேடியேட்டர். நிறத்தை மட்டும் நம்பாமல் கேனின் பின்பக்கத்தையும் படியுங்கள், நிறத்துக்குப் பொதுவிதி கிடையாது. நம் ஊரில் தண்ணீர் உறையப்போவதில்லை. கூலன்ட் இங்கே துருவைத் தடுக்கத்தான். மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், மீதி டிஸ்டில்ட் வாட்டர் போதும். முழுக் கூலன்டையும் அப்படியே ஊற்றினால் 'ஸ்ட்ராங்'காக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வெறும் கிளைக்கால் தண்ணீர் அளவுக்குச் சூட்டைக் கடத்தாது.

போர் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். வெந்நீர்ப் பானைக்குள் வெள்ளையாகப் படியும் அதே உப்புதான் எஞ்சினுக்குள்ளும் படியும்.

படி 1: இறக்குவது

எஞ்சின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள் என்று இதற்கு மேல் சொல்லப்போவதில்லை.

வண்டியின் முன்பக்கம் சற்று ஏற்றமாக இருக்கும்படி நிறுத்துங்கள், ஏன் என்று அடுத்த படியில் தெரியும். பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ரேடியேட்டர் மூடியை எடுத்துவிட்டு அடியில் உள்ள குழாயைத் திறந்து தொட்டியில் பிடியுங்கள். குழாய் பிடித்துக்கொண்டு திரும்பாவிட்டால் முறுக்கி உடைக்காமல் கீழ் ஓஸ் கிளிப்பைத் தளர்த்தி இறக்கலாம்.

வந்த தண்ணீரைத் தெருவில் ஊற்றாதீர்கள். கூலன்ட் இனிக்கும், நாய் நக்கிவிடும், நக்கினால் பிழைப்பது கஷ்டம்.

படி 2: நான் தடுக்கி விழுந்த இடம்

ரேடியேட்டர் காலியானால் பாதி வேலைதான் முடிந்தது. மீதித் தண்ணீர் எஞ்சின் பிளாக்குக்குள் நிற்கிறது. அதற்குத் தனி வடிகால் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் பக்கம், அதாவது டிரைவர் பக்கம், பிளாக்கின் பின்கோடியில் தாழ்வாக ஒரு சின்னப் பித்தளைக் குழாய். சில வண்டிகளில் யாராவது அதை எடுத்துவிட்டு போல்ட் மாதிரி ஒரு பிளக்கைப் போட்டிருப்பார்கள். மேலே கிரீஸும் மண்ணும் அப்பியிருக்கும். டார்ச் அடித்துச் சுரண்டினால்தான் கண்ணில் படும்.

முதல் தடவை நான் அதைத் திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. 'சரி, எல்லாம் ரேடியேட்டர் வழியாகவே இறங்கிவிட்டது போல' என்று மூடிவிட்டேன். என் வாழ்க்கையிலேயே சோம்பேறித்தனமான முடிவு அது. புதுக் கூலன்ட் ஊற்றும்போதாவது யோசித்திருக்க வேண்டும், நினைத்ததைவிட ரொம்பக் குறைவாகத்தான் உள்ளே போனது.

ஒன்றும் வரவில்லை என்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. ஓட்டை அடைத்திருக்கிறது. வார்ப்பிரும்பின் துருவும் தண்ணீரின் உப்பும் ஓட்டம் குறைந்த இடத்தில்தான் படியும். அந்த இடம் நாலாம் சிலிண்டருக்குப் பின்னால் உள்ள மூலை. பம்ப் முன்னால் இருக்கிறது, தண்ணீர் அங்கே போய்ச் சேரும்போது வேகம் செத்துவிடும். முன்பக்கத்தை ஏற்றி நிறுத்தச் சொன்னது வண்டல் முழுக்க வடிகால் பக்கம் சரியட்டும் என்றுதான்.

குழாயைத் திறந்தால் மட்டும் போதாது, குழாயையே கழற்றுங்கள். அதன் உள்துளை ரொம்பக் குறுகல். முந்தின இரவே துரு ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள், காலையில் இறுக்கும் திசையில் ஒரு துளி அசைத்துவிட்டு அப்புறம் தளர்த்துங்கள். கழற்றியதும் ஸ்போக்ஸ் கம்பியின் நுனியை லேசாக வளைத்து ஓட்டைக்குள் விட்டு மேலும் முன்னும் குத்துங்கள். பயப்பட வேண்டாம், உள்ளே இருப்பது தடித்த இரும்புதான். எனக்கு இருபது நிமிஷம் வெறும் தூளாக வந்தது. திடீரென்று கம்பி 'சளக்' என்று உள்ளே போனது. பின்னாலேயே காபி டிகாக்‌ஷன் மண்டி மாதிரி ஒரு குழம்பு, அரைச் சட்டி இருக்கும். முகத்தை ஓட்டைக்கு நேராக வைத்திருந்தேன். நீங்கள் வைக்காதீர்கள்.

அந்த மண்டியில் மஞ்சள் நிறக் கட்டிகள் கிடந்தன. வண்டியை எனக்கு விற்றவரிடம் போனில் கேட்டேன். "ஆமா தம்பி, ஒரு தடவை ரேடியேட்டர் ஒழுகுச்சு, மஞ்சத்தூள் போட்டேன், நின்னுடுச்சு" என்றார். நிற்கும்தான். நடுரோட்டில் மாட்டிக்கொண்டால் நானும் போடுவேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கழுவ வேண்டும், ஓட்டையைப் பற்றவைக்க வேண்டும். மஞ்சள்தூளுக்கு ஓட்டை எது, நல்ல குழாய் எது என்று தெரியாது.

படி 3: தெர்மோஸ்டாட்

மேல் ஓஸ் போய்ச் சேரும் அலுமினிய வளைவுக்கு அடியில் இருக்கிறது. மூன்று நட்டையும் எடுத்தாலும் வளைவு வராது. ஸ்டட்டில் அலுமினியம் பூத்துப் பிடித்திருக்கும். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் அலுமினியம் உடையும். மரக்கட்டை வைத்து இருபக்கமும் மாறி மாறித் தட்டி, ஸ்பிரே அடித்து, டீ குடித்துவிட்டு வந்து மறுபடி தட்டுங்கள். என் வண்டியில் மூன்று டீ.

உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லாமல் இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு தம்பி, கழட்டிப் போட்டுட்டா வண்டி கூலா ஓடும்" என்று எங்கள் மெக்கானிக் அண்ணனும் சொன்னார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, இந்த விஷயத்தில் மட்டும் இல்லை. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கு வரவே நேரம் எடுக்கும். அதுவரை பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் தேயும். கொதிப்பதற்கான உண்மையான காரணமும் கொஞ்ச நாள் மறைந்திருக்கும், அவ்வளவுதான்.

இருந்தால் சோதித்துப் பாருங்கள். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். 82 என்று பொறித்திருந்தால் அதையொட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும். திறக்கவில்லையா, குப்பையில் போடுங்கள். விளிம்பில் ஆடும் ஊசியோடு ஒரு சின்னத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், காற்று வெளியேறும்.

இப்போதே மாட்டிவிடாதீர்கள்.

படி 4: கழுவுவது

தெர்மோஸ்டாட் இருந்த குழியில் தோட்டத்து ஓஸை விட்டு, பிளாக்கின் பின் ஓட்டை வழியாகத் தண்ணீர் வரும்படி ஓடவிடுங்கள். கழுவ மட்டும் குழாய்த் தண்ணீர் பரவாயில்லை. நடுநடுவே கம்பியால் குத்துங்கள். தெளிவாக வரும், முடிந்தது என்று நினைப்பீர்கள், மறுபடி குத்தினால் மறுபடி மண்டி. எனக்கு நாலு சுற்று ஆனது.

ரேடியேட்டரைத் தலைகீழாகக் கழுவ வேண்டும். இரண்டு ஓஸையும் கழற்றிவிட்டு, கீழ்வாயில் தண்ணீர் விட்டு மேலே வரவையுங்கள். வெளிப்புறச் சல்லடையில் ஒட்டிய பூச்சிகளை எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடித்து எடுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், சல்லடைத் தகடு மடங்கிவிடும்.

விடுகிற தண்ணீர் அதே வேகத்தில் மறுபக்கம் வரவில்லை என்றால் குழாய்கள் அடைத்திருக்கின்றன. வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் ரேடியேட்டர் கடைக்குப் போங்கள். மேல்தொட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, திரும்பப் பற்றவைத்துத் தருவார்கள். இன்றைய பிளாஸ்டிக் தொட்டி ரேடியேட்டரில் இது நடக்காது, பழைய வண்டி வைத்திருப்பதில் ஒரு லாபம்.

படி 5: மாட்டி நிரப்புவது

பேக்கிங்கின் இரண்டு பக்கமும் மெல்லிசாகக் கிரீஸ். சிலிக்கான் பேஸ்ட் போடாதீர்கள், பிதுங்கிய துண்டு பிய்ந்து உள்ளே போய் மறுபடி எதையாவது அடைக்கும். ஓஸ்களை அமுக்கிப் பாருங்கள். விரிசல் விட்டதும் கொழகொழவென்று ஆனதும் வேண்டாம். கீழ் ஓஸ் மெத்தென்று இருந்தால் பம்ப் உறிஞ்சும்போது சப்பிக்கொள்ளும். மெதுவாக ஓட்டும்போது எல்லாம் சரியாக இருக்கும், வேகம் எடுத்தால் சூடு ஏறும், காரணமே தெரியாது.

ஃபேன் பெல்ட்டின் நீளமான பக்கத்தை நடுவில் அழுத்தினால் அரை இஞ்ச் அமுங்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் பம்ப் பேரிங் போகும். பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதிலிருந்து சொட்டினால் சீல் போய்விட்டது. அந்த ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்த ஒரு வண்டியை நான் கண்ணால் பார்த்தேன்.

ரேடியேட்டர் மூடியை அலட்சியம் செய்யாதீர்கள். அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. கூடினால் கொதிநிலை கிட்டத்தட்ட ஒன்றரை டிகிரி கூடும். 7 பி.எஸ்.ஐ. மூடி நன்றாக இருந்தால், தரைமட்டத்தில் தண்ணீர் 110 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் கிழிந்திருந்தால் உங்கள் ரேடியேட்டரும் திறந்த பாத்திரம்தான். என்னுடையது கிழிந்திருந்தது. அதற்காக 13 பி.எஸ்.ஐ. மூடியை வாங்கி மாட்டிவிடாதீர்கள், பழைய பற்றவைப்பு பிளந்துகொள்ளும். பழைய மூடியில் என்ன எண் இருக்கிறதோ அதே எண்.

நிரப்பும்போது மெதுவாக ஊற்றுங்கள். மூடி போடாமல் எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஓஸை அவ்வப்போது அமுக்கிக்கொடுங்கள், குமிழி வரும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஓஸ் சட்டென்று சுடும், மட்டம் இறங்கும். இன்னும் கொஞ்சம் ஊற்றி மூடுங்கள்.

பின்சேர்க்கை 1: "நீங்கள் சொன்னபடியே செய்தேன், தினமும் கொஞ்சம் தண்ணீர் கீழே கொட்டுகிறது, எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லை" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். மூன்று பேருமே கழுத்து வரை நிரப்பியிருந்தார்கள். மேலே நான் எழுத மறந்தது: இந்த வண்டியில் தனி எக்ஸ்பான்ஷன் டேங்க் இல்லை. தண்ணீர் சூடானால் விரியும், அதிகப்படியானது வடிகுழாய் வழியாக வெளியே போகும். ஆறிய நிலையில் கழுத்துக்கு ஓர் இஞ்ச் கீழே இருந்தால் போதும். திரும்பத் திரும்ப நிரப்பினால் திரும்பத் திரும்பக் கொட்டும்.

பின்சேர்க்கை 2: ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்கிறார்கள். போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அதில் கொஞ்சம் உப்பு மிச்சமிருக்கும். டிஸ்டில்ட் வாட்டர் கேனை பேட்டரிக் கடையில் கேளுங்கள், கொள்ளை விலையெல்லாம் இல்லை.

பின்சேர்க்கை 3: மதுரை வாசகர் ஒருவருக்குக் கழுவிய மறுநாளே பிளாக்கின் பக்கவாட்டில் ஒழுகல். வெல்ச் பிளக், அதாவது பிளாக்கின் பக்கத்தில் அடித்திருக்கும் வட்டத் தகடு, உள்ளிருந்தே துரு தின்று ஊசித்துளை விழுந்திருக்கிறது. இத்தனை நாள் அந்தத் துளையை அடைத்துக்கொண்டிருந்தது அழுக்குதான். இது உங்களுக்கும் நடக்கலாம். அதனால் கழுவிய கையோடு வெளியூர் கிளம்பாதீர்கள், ஒரு வாரம் ஊருக்குள்ளேயே ஓட்டி, தினமும் காலையில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டுப் பாருங்கள். தகடு போயிருந்தால் பித்தளையில் கிடைக்கிறதா என்று கேளுங்கள், துருப்பிடிக்காது. ஒன்று போயிருந்தால் மற்றதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.