ஐபிவி6 முகவரிகளைப் பங்கிடும் முறை: கடலோரச் சிறு இணைய நிறுவனங்களுக்கு

இராமநாதபுரம் கரையோரத்தில் ஃபைபர் இணைப்புத் தரும் சிறு நிறுவனத்தார், இணையக் கருவிகளுக்கான புதிய, நீண்ட முகவரி முறையான ஐபிவி6இன் முகவரி வெளி கைக்கு வந்தவுடன் அதைச் சிக்கனமாகச் செலவிடத் தொடங்குவதுதான் பெரும் பிழை. ஊருணித் தண்ணீரைக் குடக்கணக்கில் பகிர்ந்து பழகிய மண்ணில் அந்தக் கையிறுக்கம் இயல்பானதே. பழைய முறையான ஐபிவி4 முகவரிகளின் உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்ததும், பல வீடுகளை ஒரே பொது முகவரியின் பின்னால் அடைக்க நேர்ந்ததும் நம் நினைவில் இருக்கின்றன. ஆனால் இங்கே கணக்கு வேறு.

முகவரித் தொகுதியின் அளவை /32, /56 என்று சாய்கோடிட்டு எழுதுவார்கள். சாய்கோட்டுக்குப் பின்வரும் எண், தொகுதி முழுவதற்கும் பொதுவான தொடக்கப் பிட்டுகளின் எண்ணிக்கை; அது சிறுக்கச் சிறுக்க வெளி பெருகும். இந்திய இணையப் பரிமாற்ற அமைப்பான நிக்சியின் கீழ் இயங்கி, முகவரிகளை வழங்கும் ஐரின் பதிவகத்திடமோ, ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக்கிடமோ விண்ணப்பிக்கும் சேவை நிறுவனம் வழக்கமாக /32 பெறுகிறது. அதனுள் 1,67,77,216 எண்ணிக்கையில் /56 துண்டுகள் உள்ளன. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்ட மக்கள்தொகை 13,53,445. வீட்டுக்கு ஒன்றல்ல, ஆளுக்குப் பன்னிரண்டு கொடுத்தாலும் மிஞ்சும்.

ஆகவே வீட்டுக்கு /56, பள்ளி, மருத்துவமனை, மீன் ஏற்றுமதி நிறுவனம் போன்றவற்றுக்கு /48 என்று வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு வலையமைப்புக்கு ஒரு /64 தேவை. கருவிகள் தாமே முகவரி அமைத்துக்கொள்ளும் முறை அந்த அளவையே எதிர்பார்க்கிறது. யாத்ரிகர் விடுதி ஒன்றுக்கு ஒரேயொரு /64 மட்டும் கொடுக்கப்பட்டதால், விருந்தினருக்கான வைஃபையை அலுவலகக் கணினிகளிலிருந்து பிரிக்க வழியில்லாமல் போனதை நான் நேரில் பார்த்தேன். /56 கொடுத்திருந்தால் 256 வலைகள் கிடைத்திருக்கும். கொடுத்த முன்னொட்டை, அதாவது முகவரியின் பொதுவான தொடக்கப் பகுதியை, மின்தடைக்குப் பின்னும் மாற்றாமல் வையுங்கள். மாறினால் வீட்டுக் கருவிகள் பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு தடுமாறும்.

அள்ளிக் கொடுத்தால் பின்னாளில் தீராதா என்ற கேள்வி நியாயமானது. உலகப் பொது ஒதுக்கீட்டுக்கென ஐபிவி6 வெளியில் எட்டில் ஒரு பங்கையே வகுத்திருக்கிறார்கள். கொள்கை தவறெனத் தெரிந்தால், மிச்சத்தை இறுக்கமான விதிகளோடு திறக்க இடமிருக்கிறது. கூடுதல் வெளி கேட்கும்போதும் முழுவதும் நிரம்பியிருக்க வேண்டும் என்று ஏப்னிக் விதி சொல்வதில்லை: /32 வைத்திருப்பவர் /56 கணக்கில் 61,83,533 துண்டுகளை, அதாவது ஏறத்தாழ 37 விழுக்காட்டை, வழங்கியிருந்தால் போதும். நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றுக்கு. தம் முகவரிகளுக்கு வரும் வழியைச் சொல்லி நிறுவனங்கள் வெளியிடும் அறிவிப்புகள் துண்டு துண்டாகச் சிதறும்போது, அவை உலகெங்கும் உள்ள ரூட்டர்களின் வழிப் பட்டியலை வீங்கச் செய்கின்றன. சிக்கனம் அங்கேதான் வேண்டும்.

அதனால் /32ஐப் பதினாறு /36 பகுதிகளாக வெட்டுங்கள். முகவரியின் ஓர் இலக்கம் நான்கு பிட் கொண்டது என்பதால், நான்கு நான்கு பிட்டாக வெட்டினால் ஓர் இலக்கமே ஊரைச் சொல்லிவிடும். பூச்சியத்தை உங்கள் சொந்தக் கட்டமைப்புக்கு வைத்து, இராமநாதபுரம் நகருக்கு 2, கீழக்கரைக்கு 4, மண்டபத்துக்கு 6, பாம்பன், இராமேசுவரம் தீவுக்கு 8 என இரட்டைப்படை எண்களைக் கொடுங்கள். ஒவ்வொரு பகுதியையும் மறுபடி பதினாறு /40 ஆக்கி, சிலவற்றை வீடுகளுக்கும் சிலவற்றை நிறுவனங்களுக்கும் ஒதுக்குங்கள். ஒரு /40 மட்டுமே 65,536 வீடுகளைத் தாங்கும். கீழக்கரை ஒருநாள் நிரம்பினால் பக்கத்தில் காலியாக இருக்கும் 5ஐ 4உடன் சேர்த்து ஒரே /35 ஆக்கலாம். எந்த வீட்டின் முகவரியும் மாற வேண்டியதில்லை, ரூட்டரில் ஒரு வரி மட்டும் மாறும்.