ஃபோல்டர்களுக்குள் இறங்கும் ஸ்கிரிப்ட் எங்கே சறுக்குகிறது?

ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கிப் போகும் ஸ்கிரிப்டில் பெரிய தொல்லை, தப்பு நடந்தாலும் பல நேரம் எர்ரர் வராது என்பதுதான். ஓடி முடித்துவிடும், கணக்கு மட்டும் இடிக்கும். அதனால் லாஜிக்கைக் குடைவதற்கு முன்னால், லூப்புக்குள் ஒரு பிரிண்ட் போட்டு, ஸ்கிரிப்ட் எந்த முழுப் பாதையைத் தொடுகிறது என்று பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

பைத்தானில் இப்படி இறங்கிப் போவதற்கான ஃபங்ஷன் ஓஎஸ்.வாக் (os.walk). அது ஒவ்வொரு ஃபோல்டருக்கும் மூன்றைத் தரும்: அதன் பாதை (ரூட்), துணை ஃபோல்டர்களின் பெயர்கள் (டிர்ஸ்), ஃபைல்களின் பெயர்கள். பெயர்கள் என்றால் வெறும் பெயர்கள்தான், பாதை ஒட்டியிருக்காது. அப்படியே திறக்கப் போனால், ஸ்கிரிப்டை எந்த ஃபோல்டரிலிருந்து ஓட்டினீர்களோ அங்கே தேடும். ஃபைல் இல்லை என்று எர்ரர் வந்தால் நல்ல காலம். அதே பெயரில் அங்கே ஒன்று இருந்துவிட்டால்தான் வம்பு: உள்ளே ஃபோல்டருக்கு ஒரு கான்ஃபிக் (அமைப்புகளை எழுதிவைக்கும் ஃபைல்) இருக்க, வெளியில் கிடக்கும் ஒரே கான்ஃபிக்கைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு வரும். படிப்பதோடு நின்றால் பரவாயில்லை, அழிக்கிற ஸ்கிரிப்டாக இருந்தால்? ரூட்டையும் பெயரையும் ஜாயின் (os.path.join) செய்து முழுப் பாதையாக்கிய பிறகே எதையும் தொடுங்கள்.

அடுத்தது, சில ஃபோல்டர்களுக்குள் போகாதே என்று சொல்வது. ‘டிர்ஸ் = புதிய லிஸ்ட்’ என்று எழுதினால் வாக் கண்டுகொள்ளாது; தன்னிடம் உள்ள பழைய லிஸ்டைப் பார்த்தே இறங்கும். ‘டிர்ஸ்[:] = புதிய லிஸ்ட்’ என்று அதே லிஸ்டின் உள்ளடக்கத்தை மாற்ற வேண்டும். சரி, லூப் போட்டு ஒவ்வொன்றாக ரிமூவ் செய்யலாமே என்றால், அது இன்னும் மோசம். ஒன்றை நீக்கியதும் மற்றவை ஓரிடம் முன்னால் நகரும். அடுத்தது லூப்பின் கண்ணில் படாமலே தப்பிவிடும். தவிர்க்க வேண்டிய இரண்டு ஃபோல்டர்கள் அடுத்தடுத்து இருந்தால் ஒன்று போகும், மற்றது நிற்கும். மேலிருந்து கீழே இறங்கச் சொல்லும் டாப்டவுனை (topdown) ஃபால்ஸ் ஆக்கி, கீழிருந்து மேலே வரச் சொல்லியிருந்தால் இந்த வித்தை எதுவுமே பலிக்காது.

ஒன்றுமே வரவில்லையா? தொடக்கப் பாதையைப் பாருங்கள். இல்லாத பாதையைக் கொடுத்தாலும் வாக் புகார் சொல்லாது. ஹோம் ஃபோல்டரைக் குறிக்கும் ~ குறியை ஷெல் (டெர்மினலில் நாம் தட்டும் கட்டளைகளை ஓட்டும் நிரல்) முழுப் பாதையாக விரித்துக் கொடுக்கும். பைத்தான் தானாகச் செய்யாது, அதற்கு எக்ஸ்பாண்ட்யூசர் (os.path.expanduser) வேண்டும். அனுமதி இல்லாத ஃபோல்டரையும் வாக் சத்தமில்லாமல் தாண்டிவிடும். எர்ரர் வந்தால் எதைக் கூப்பிடுவது என்று வாக்குக்குச் சொல்லும் ஆன்எர்ரருக்கு (onerror) ஒரு ஃபங்ஷன் கொடுத்துவைத்தால் குட்டு வெளிப்படும்.

பாஷ் (Bash) என்ற ஷெல்லில் எழுதுகிறவர்களுக்கு வேறு தலைவலி. ஃபைல்களைத் தேடும் ஃபைண்ட் (find) கட்டளையின் விடையை ஃபார் லூப்பில் சுற்றினால், பெயரில் இடைவெளி உள்ள ஃபைல் இரண்டு துண்டாகும். பைப் வழியாக வைல் லூப்புக்கு அனுப்பினால், உள்ளே கூட்டிய எண்ணிக்கை வெளியே வந்ததும் பழையபடி பூஜ்யம், ஏனென்றால் அந்த லூப் தனி சப்ஷெல்லில், அதாவது ஷெல்லின் தனி நகலில், ஓடியது.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஒப்பிட்டால் பொருந்தாது. இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி (NFC) என்ற, குறிகளைச் சேர்த்தே எழுதும் ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.