டாக்டர் ஆகாமலே சுகாதாரம் படிக்க, தாராவியிலிருந்து ஒரு திட்டம்

எங்கள் வீடு மும்பை தாராவியில், 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். எதிர்வீட்டு அத்தை விடியற்காலை மூன்று மணிக்கே இட்லி ஊற்ற ஆரம்பித்துவிடுவார். ஆறு மணிக்கு மாமா பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவார். நான் பத்தாவது படிக்கும்போது அத்தைக்கு டிபி வந்தது. மாத்திரை இலவசம்தான். ஆனால் அப்போதெல்லாம் வாரத்துக்கு மூன்று நாள் சிகிச்சை மையத்துக்குப் போய், அங்கிருப்பவர் கண்முன் விழுங்கவேண்டும். மையம் திறக்கும் நேரத்தில் அத்தை அடுத்த நாளுக்கு அரிசி ஊறவைத்து, பாத்திரம் கழுவி, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு இருப்பார். இரண்டு மாதத்தில் மாத்திரையை விட்டுவிட்டார். மறுபடி இருமல் வந்தது.

மையம் திறக்கும் அந்த நேரத்தை யார் முடிவு செய்தார்கள்? இட்லி விற்கிற வீட்டைப் பற்றி அவர்களுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? பொது சுகாதாரமும் சமூகக் கொள்கையும் சேர்த்துப் படிப்பது இந்த மாதிரிக் கேள்விகளுக்காகத்தான். நீட் கிடைக்காதவர்கள் ஒதுங்குகிற இடம் என்று இதை நினைக்காதீர்கள். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு கேள்வி இருக்கும். முதலில் அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கல்லூரியின் மூன்று வருடமும் பாடம் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டி வரும்.

அடுத்தது கோர்ஸ். இளநிலையில் ‘பொது சுகாதாரம்’ என்றே பெயர் போட்ட பட்டம் நம் நாட்டில் குறைவு. அந்தப் பெயரைத் தேடி ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம். முதுநிலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். மும்பைத் தமிழர்களான நமக்கு ஒரு பெரிய வசதி, தேவ்னாரிலேயே இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்று 1936-இல் தொடங்கிய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், எல்லோரும் டிஸ் என்பார்கள். இன்னொன்று 1956-இல் தொடங்கிய ஐ.ஐ.பி.எஸ்., அதாவது மக்கள்தொகை ஆய்வு நிறுவனம். டிஸ்ஸின் பொது சுகாதார முதுநிலைக்கு எந்தப் பட்டமும் போதும். வேறு சில இடங்களில் மருத்துவம், செவிலியம் போன்ற பட்டம்தான் கேட்பார்கள். நீங்கள் ஆசைப்படுகிற இரண்டு மூன்று முதுநிலைப் படிப்புகளின் தகுதி விவரத்தை இப்போதே படித்துவிட்டு, அப்புறம் இளநிலைக்கு வாருங்கள்.

என் கருத்தைக் கேட்டால், கணக்கு ஓரளவு வரும் என்றால் பொருளாதாரத்தை மேஜராகவும் (முக்கியப் பாடம்) சமூகவியலை மைனராகவும் (துணைப் பாடம்) எடுங்கள். கணக்கு பிடிக்காது என்றால் சமூகவியல் மேஜர், ஆனால் புள்ளியியல் பேப்பர் ஒன்றாவது கட்டாயம் வேண்டும். மூன்று வருடத்தில் வேலைக்குப் போயே ஆகவேண்டிய வீடு என்றால் பி.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி இளநிலைப் பட்டம், நல்லது. நியூ மரைன் லைன்ஸ் பக்கம் நிர்மலா நிகேதன் கல்லூரியில் அது இருக்கிறது. ஊரை விட்டுப் போக முடிந்தால் பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தையும் பாருங்கள், குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டண உதவி தருகிறார்கள்.

நான் பதினொன்றாவதில் கணக்கை விட்டேன். கல்லூரியிலும் புள்ளியியலைத் தள்ளிக்கொண்டே போனேன். முதல் வேலையில் ஒரு கணக்கெடுப்புத் தாளைக் கையில் கொடுத்து, இதில் என்ன தெரிகிறது என்று கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் தெருவைப் பற்றிய எண்களைப் படிக்க எனக்கே தெரியவில்லை என்பது மிகவும் வலித்தது. அதனால் இதை மட்டும் விடாதீர்கள்.

பழகுவதற்குக் காசு எதுவும் செலவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வை நடத்துவது மேலே சொன்ன ஐ.ஐ.பி.எஸ்.தான். 2019-21 சுற்றின் மாவட்டவாரி விவரத் தாள்களை இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். மும்பை புறநகர் மாவட்டத் தாளையும் திருநெல்வேலித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ரத்தசோகை, தடுப்பூசி, கழிப்பறை என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். எங்கே ஊர் முந்துகிறது, எங்கே மும்பை முந்துகிறது என்று குறித்துக்கொண்டு, ஏன் என்று உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். அங்கிருந்து கொள்கைக்குள் போகலாம். தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம் ஏன் இருக்கிறது, 1939-லேயே சென்னை மாகாணத்தில் பொது சுகாதாரச் சட்டம் எப்படி வந்தது, முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தொடங்கிய மகப்பேறு உதவியால் என்ன மாறியது. இதை எல்லாம் தேடிப் படித்தால் வகுப்பில் நாட்டின் சுகாதார அமைப்பு எப்படி இருக்கவேண்டும் என்று சொன்ன 1946-இன் போர் (Bhore) கமிட்டி அறிக்கை வரும்போது அது வெறும் தேர்வுக் கேள்வியாகத் தெரியாது.

ஃபீல்டு வேலை பற்றி ஒரு எச்சரிக்கை. கல்லூரிக் கையேட்டில் ‘களப்பணி’ என்று இருந்தால் போதாது. என் தோழி சேர்ந்த கல்லூரியில் களப்பணி என்பது வருடத்துக்கு ஒரு நாள் பஸ்ஸில் போய் போட்டோ எடுத்து வருவதாக இருந்தது. வாரத்துக்கு எத்தனை நாள், எந்தப் பகுதி, யார் மேற்பார்வை என்று சீனியர் மாணவர்களிடம் கேளுங்கள். கல்லூரியில் இல்லையென்றால் விடுமுறையில் நீங்களே தேடலாம். சயான் மருத்துவமனையின் நகர்ப்புற சுகாதார மையம் தாராவியிலேயே இருக்கிறது, நம் ஆட்கள் சோட்டா சயான் என்பார்கள். அந்த மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் 1999-இல் தொடங்கிய ஸ்னேஹா என்ற தொண்டு அமைப்பும் இங்கே வேலை செய்கிறது. மாணவர்களை எடுக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள். முடிந்தால் ஆரோக்ய சேவிகா (மாநகராட்சியின் சுகாதாரப் பணியாளர்) அக்காக்களோடு, அனுமதி வாங்கி, ஒரு வாரம் வீடு வீடாக நடந்து பாருங்கள். எந்த வீட்டில் எந்த நேரத்தில் கதவு திறக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். கேட்டதை வெளியே சொல்லக்கூடாது, அது நம் சொந்தத் தெருவாக இருந்தாலும்.

மராத்தியில் எழுதப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். மாநகராட்சியின் கடிதம் மராத்தியில்தான் வரும்.

நான்காவது வருடம் படிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். புதிய தேசியக் கல்விக் கொள்கை முறையில் மூன்று வருடத்தில் 120 கிரெடிட் முடித்துப் பட்டத்தோடு வெளியே வரலாம், நான்கு முடித்தால் ஆனர்ஸ். ஆராய்ச்சியில் உறுதியாக இருப்பவர்கள் தொடரட்டும். மற்றவர்கள் மூன்றோடு நிறுத்தி, ஒரு வருடம் களத்தில் வேலை பார்த்துவிட்டு முதுநிலைக்குப் போவது நல்லது என்பேன்.

கடைசியாக, நம் பிள்ளைகள் அதிகம் அடிபடுகிற இடம் சாதிச் சான்றிதழ். மகாராஷ்டிர அரசின் எஸ்.சி. சலுகைகளுக்கு, 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். அதற்குப் பிறகு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்திருந்தாலும் மாநில ஒதுக்கீடு கிடைக்காது. ஆனால் மத்திய அரசு நிறுவனங்களின் ஒதுக்கீட்டில் தமிழ்நாட்டுச் சான்றிதழ் செல்லும். இது தெரியாமல் பொதுப் பிரிவில் விண்ணப்பித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு ஊரில் வாங்கிய சான்றிதழ் இருந்தால், அதை வைத்து உங்கள் பெயரில் இங்கேயே மத்திய அரசுப் படிவத்தில் வாங்க வழி உண்டு. இல்லையென்றால் ஊரில்தான் தொடங்கவேண்டும். ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. பதினொன்றாவது முடிந்து மே மாதம் ஊருக்குப் போகும்போதே தாத்தாவின் பழைய ரேஷன் கார்டு, அப்பாவின் பள்ளி டி.சி. இரண்டையும் தேடி எடுத்து, இரண்டு ஜெராக்ஸ் போட்டு, அசலை பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கையோடு கொண்டுவாருங்கள்.