நிப்பைத் தேய்க்கும் முன் லென்ஸில் பாருங்கள்

மைப்பேனாவின் நிப் காகிதத்தைக் கீறுகிறது என்றதும் பலருடைய கை நேரே உப்புத்தாளுக்குத்தான் போகிறது. தயவுசெய்து வேண்டாம். நிப் நுனியில் பற்றவைத்திருக்கும் உலோக மணி கடுகைவிடச் சின்னது, தேய்ந்து போனால் போனதுதான். ஹார்டுவேர் கடையில் வாங்கிய 400-ஆம் நம்பர் தாளில் நாலு இழு இழுத்து நல்ல நிப் ஒன்றை நானே இழந்திருக்கிறேன், இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது.

முதலில் நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். நிப்பை நுனிப் பக்கமிருந்து நேராகப் பாருங்கள். நடுப்பிளவின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இல்லாமல், ஒன்று படிக்கட்டு மாதிரி ஏறி நிற்கும். கோடு ஒரு திசையில் இழுத்தால் மட்டும் கீறுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஏறி நிற்கும் பக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால் மெல்ல அழுத்தி, ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் லென்ஸில் பாருங்கள். நிறைய நிப்புகளுக்கு இதுவே போதும்.

அதற்கும் சரியாகவில்லையா, அப்புறம் 12000 கிரிட் மைக்ரோமெஷ், அதாவது மிக மிக நுண்ணிய தேய்ப்புத் தாள், எடுக்கலாம். நிப்பில் மை இருக்க வேண்டும், நீங்கள் எழுதும் அதே சாய்வில், அழுத்தாமல், எட்டு போடுவது போல ஐந்தாறு சுற்று, உடனே நிறுத்திக் காகிதத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். இன்னும் வழவழப்பாகட்டும் என்று தேய்த்துக்கொண்டே போனால் பிளவின் உள்விளிம்புகள் உருண்டுவிடும், மை காகிதத்தைத் தொடாது, ஒவ்வொரு எழுத்தின் முதல் கோடும் விட்டுப்போகும்.

இனி மை நிரப்பும் விஷயம். கார்ட்ரிட்ஜ், அதாவது மை அடைத்த சின்னக் குழாய், போடும் பேனாவின் உடம்பில் நேரடியாக மை ஊற்றும்படி மாற்றுவது சுலபம், ஆனால் எல்லாப் பேனாவும் அதற்கு ஏற்றதல்ல. பிளாட்டினம் கம்பெனியின் பிரெப்பி பேனா தாங்கும். லாமி சஃபாரியின் உடம்பில் ஜன்னல் மாதிரி திறப்பு இருக்கிறது, பைலட் மெட்ரோபாலிட்டன் பித்தளை, மை அதை அரிக்கும். மை கசியாமலிருக்க உடம்பைத் திருகும் மரையில் கிரீஸ் தடவ வேண்டும். ஆனால் வாஸ்லின் தடவாதீர்கள், அங்கே போடும் ரப்பர் வளையம் ஊதிக் கெட்டுப்போகலாம். சிலிக்கான் கிரீஸ்தான் சரி. மை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் நிரப்பிவிடுங்கள். உள்ளே காற்று அதிகமானால் கைச்சூட்டில் விரிந்து மையைத் தள்ளும், எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் சொட்டு விழும்.

எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்த ஃபீடை, அதாவது நிப்புக்கு அடியில் மை கொண்டுவரும் துண்டை, வெந்நீரில் இளக்கி நிப்போடு ஒட்ட அழுத்திப் பொருத்தலாம், மை ஓட்டம் நன்றாகவே சீராகும். ஆனால் எபோனைட் பேனாவை முழுசாக வெந்நீரில் போட்டுவிடாதீர்கள், கருப்பு வெளுத்துப் பழுப்பேறிவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர், ஸ்பிரிட் இரண்டையும் பேனா பக்கம் கொண்டுவரவே வேண்டாம், அக்ரிலிக் விரிசல் விடும்.

எல்லாம் பொருத்தியாயிற்றா? சட்டைப்பையில் செருகும் முன் தண்ணீர் நிரப்பி, டிஷ்யூ சுற்றி, ஒரு ராத்திரி படுக்கவையுங்கள். காலையில் டிஷ்யூ நனைந்திருந்தால் மரையைத் துடைத்து மறுபடி கிரீஸ் போடுங்கள்.