பேட்டரி ஆசிட் கலக்கும்போது கவனிக்க வேண்டியது
பேட்டரி பட்டறையில் அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்பவர்கள், அமிலமும் சூடும் தாங்கும் தொட்டியில் முதலில் காய்ச்சி வடித்த நீரை (டிஸ்டில்டு வாட்டர்) எடுத்துக்கொண்டு, அதில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். அமிலத்தின் மேல் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. அப்போது எழும் கடும் வெப்பத்தில், அடர்த்தி குறைந்து மேலே நிற்கும் தண்ணீர் அங்கேயே கொதித்து, அமிலத்தையும் சேர்த்து முகத்தில் தெறித்துவிடும். பழகிய கைதானே என்று பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் வேலை செய்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. கண்ணில் பட்டுவிட்டால், இமைகளை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் உடனே கழுவத் தொடங்கி, குறைந்தது 20 நிமிடம் விடாமல் கழுவிய பின் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அமிலத்தை முறிக்கும் ஆப்பசோடா தரையில் சிந்திய அமிலத்துக்கு மட்டுமே. கண்ணிலோ தோலிலோ அதைப் போடவே கூடாது.