தண்டவாளம் பக்கம் போகும்போது

ரயில் தூரத்தில்தான் வருகிறது, அதற்குள் ஓடிவிடலாம் என்று நினைக்கிறோமே, அந்தக் கணக்குதான் தப்பு. பெரிய பொருள் நேராக நம்மை நோக்கி வரும்போது அது மெதுவாக வருவதுபோலத்தான் கண்ணுக்குத் தெரியும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் கடந்துவிடும். செருப்பு ஜல்லியில் மாட்டி, குனிந்து எடுக்க மூன்று நொடி ஆனால்? 80 மீட்டருக்கு மேல் நெருங்கியிருக்கும். ஓட்டுநர் உங்களைப் பார்த்து அவசர பிரேக் போட்டாலும், முழுதாக நிற்க ஒரு கிலோமீட்டர்கூட ஆகலாம். இரும்புமேல் இரும்புச் சக்கரம், பிடிப்பு குறைவு. விலகிப் போகவும் அதற்கு வழியில்லை.

சத்தம் கேட்கும் என்று நம்பவேண்டாம். எதிரே வரும் மின்சார ரயில் பக்கத்தில் வரும்வரை அவ்வளவாகக் கேட்காது, காதில் இயர்போன் இருந்தால் சொல்லவே வேண்டாம். ஒரு ரயில் போனதும் உடனே குறுக்கே கால் வைக்காதீர்கள். அதன் மறைவில் அடுத்த தடத்தில் இன்னொன்று வந்துகொண்டிருக்கலாம்.

அப்புறம் செல்ஃபி. பெட்டி தண்டவாளத்தைவிட அகலம், இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓரமாகத்தானே நிற்கிறேன் என்பவரைத் தட்டுவது அதுதான். பெட்டிக் கூரைமேல் ஏறுவது இன்னும் மோசம். மேலே போகும் கம்பியில் பல இடங்களில் 25,000 வோல்ட். தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே பாயும்.

போன் தண்டவாளத்தில் விழுந்துவிட்டதா? குதிக்காதீர்கள், நிலைய ஊழியரிடம் சொல்லுங்கள், அவர் எடுத்துத் தருவார்.